வாரம் ஒரு கிலோ

தண்டையார்பேட்டையில் மரியம் வீட்டு நடையில் மூன்று நீல டிரம்கள் நின்றன. தண்ணீர் நின்றதென்னவோ இரண்டில்தான். மூன்றாவது ஓட்டை என்று மரியத்தின் இளைய மகன் ஷாரிக் சொல்லி, மூடியைக் கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தான். ஓட்டை டிரம் எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று ரூபினா கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு தடவை கேட்டாள். "அடச்சிக்கலாம், இரு" என்றான். பதினொரு மாதமாகியும் அவன் அடைக்கவில்லை, அவளும் திரும்பக் கேட்கவில்லை. புருஷன் வீட்டில் புதுப்பெண் கேட்க வேண்டியது ஆயிரம் இருக்கும்போது டிரம்மைப் பற்றி யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்?

அந்த வீட்டில் ஓர் அறை, ஓர் அடுப்படி, ஏழு உயிர்கள். மரியம், மூத்தவன் சுஃபியான், அவன் பெண்டாட்டி, அவர்களுடைய இரண்டு வாண்டுகள், பிறகு இந்தப் புது ஜோடி. அறைக்குக் குறுக்கே மரியத்தின் பழைய புடவையைக் கட்டி இரண்டாக்கியிருந்தார்கள். புடவைக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடும். அதனால் ஷாரிக்கும் ரூபினாவும் குடும்பம் நடத்தியது பைக்கில்தான். காலையில் அவளைத் திருவொற்றியூரில் குழந்தைகள் உடுப்பு தைக்கும் கம்பெனியில் இறக்கிவிட்டு, அவன் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் போவான். அந்த அரை மணி நேரம்தான் அவர்களுக்கு. கண்டெய்னர் லாரிகள் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு போகும் சாலையில் கத்தித்தான் பேச வேண்டும். டோல்கேட் தாண்டுவதற்குள் சண்டை, தேரடி வருவதற்குள் சமாதானம். மீதியை மாலையில் வைத்துக்கொள்வார்கள்.

ஷாரிக்குக்கு, கமால் என்பவரின் பழைய இரும்பு யார்டில் கேஸ் கட்டர் வேலை. உடைத்த கப்பலின் தகடுகள், பழைய மெஷின்கள் எல்லாம் அங்கே வந்து விழும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெருப்பால் அறுத்து அளவாகப் போடுவான். வீட்டுக்கு வரும்போது சட்டையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை இருக்கும். ரூபினா அதையெல்லாம் தைத்துத் தைத்து அலுத்துப்போய், கடைசியில் ஒரு சட்டைக்கு முன்பக்கம் முழுக்க வேறு துணியே வைத்துவிட்டாள். வாரத்துக்கு ஒரு தடவை அவளிடம் கேட்பான்: "ரூபி, கம்பெனில வெட்டுத் துணி கெடச்சா ரெண்டு எட்த்துக்கினு வா. கை தொடைக்கணும்." அவளும் ஒரு பிடி அள்ளி வந்து கொடுப்பாள்.

திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் குணசுந்தரியின் வீட்டு மாடி காலியாயிற்று. ஓர் அறை, ஒரு சமையலறை, தனிக் குளியலறை. அறைக்கு ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்து வீட்டு மொட்டைமாடிதான் தெரியும், ஆனால் மதியத்துக்கு மேல் கடல் காற்று வரும். ரூபினா உள்ளே போய்ச் சும்மா கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். சாத்தினால் சத்தமே கேட்காத ஒரு கதவு. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது எலிக்கே தெரிந்திருக்கிறது.

"மூணு வருசம் லீசு. லட்சத்து எம்பதாயிரம்" என்றாள் குணசுந்தரி. "வாடக கெடையாது. நீங்க காலி பண்ணும்போது முழுத் துட்டும் திருப்பிக் குடுத்துருவேன். ஆனா இன்னொரு பார்ட்டி சுத்திக்கினு கீறாங்க. பத்தாயிரம் டோக்கன் குட்த்துட்டுப் போங்க. அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம நாலு மணிக்குள்ள மீதி வரலன்னா வூடு அவங்களுக்கு. டோக்கனும் திரும்பாது, சொல்ட்டேன்."

ஷாரிக் யோசிக்காமல் பத்தாயிரத்தை எடுத்து நீட்டினான். பைக்கில் ரூபினா அவன் காதருகில் கத்தினாள்: "மீதிக்கு இன்னாங்க பண்ணுவீங்க?"

"அத்த நான் பாத்துக்கறேன். ரெடியா கீது."

"எங்க கீது?"

"கீதுன்னா கீது!"

அதற்குள் ஒரு டிரெய்லர் லாரி ஹாரன் அடித்தது. ரூபினா அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் அவளும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கும். அவளிடமும் ஒரு 'கீது' இருந்தது.

மறுவாரம் புதன்கிழமை. நாலு நாளாகக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. விடிந்ததும் விடியாததுமாகத் தெருவில் மெட்ரோ வாட்டர் லாரி வந்து நின்றது. அன்றைக்கென்று ஷாரிக் சீக்கிரமே வேலைக்குப் போயிருந்தான். இரண்டு டிரம்மும் நிறைந்து, குடங்களும் நிறைந்து, இன்னும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மரியத்துக்குப் பொறுக்கவில்லை.

"ரூபி, அந்த ஓட்ட டிரம்ம இப்பிடி சாய்ம்மா. பத்து ரூபாக்கி எம்-சீல் வாங்கி வெச்சிக்கீறேன். எங்க ஓட்டன்னு பாத்து அடச்சிருவோம்."

ரூபினா சாய்த்தாள். டிரம் அசையவில்லை. மாமியாரும் ஒரு கை கொடுத்தாள். இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு காலி டிரம்மை அசைக்க முடியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரூபினா இடுக்கியால் கம்பியை அவிழ்த்து மூடியைத் தூக்கினாள். மேலே ஒரு கோணிச் சாக்கு. அதை விலக்கினால் செம்பு.

சிறு சிறு முடிச்சுகளாகச் செம்புக் கம்பி. ஒவ்வொன்றும் ஒரு சோற்று உருண்டை அளவுக்குச் சுருட்டி, நடுவில் துணியால் கட்டியிருந்தது. அடுக்கடுக்காகப் பாதி டிரம்முக்கு மேல் கிடந்தது.

"யா அல்லா" என்று மரியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "இது இன்னாடி? ஏது இவ்ளோ செம்பு? போன மாசம் அவன் மொதலாளி ஷெட்டுல செம்பு காணாப்பூட்ச்சின்னு ஒரே பேஜாரா இருந்துச்சே..."

"மாமி, மெதுவா."

"அவன் எட்த்துருக்க மாட்டான். என் புள்ள எட்த்துருக்க மாட்டான்" என்றாள் மரியம், யாரும் எடுத்தான் என்று சொல்லாமலே. பிறகு மூடியைச் சாத்தி, அதன் மேல் ஒரு மணையைப் போட்டு ஏறி உட்கார்ந்து, கையில் தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டைக்கூட டிரம் மேலேயே உட்கார்ந்து முடித்ததாகச் சுஃபியானின் பெண்டாட்டி பிறகு சொன்னாள்.

ரூபினா வேலைக்குப் போனாள். ஆனால் தையல் மெஷினில் கால்தான் ஓடிற்று. மனசெல்லாம் டிரம்முக்குள் இருந்தது. அவளைப் பயமுறுத்தியது செம்பு இல்லை. மேலே கிடந்த ஒரு முடிச்சு, மஞ்சள் வாத்துப் படம் போட்ட துணியால் கட்டியிருந்தது. அந்த வாத்துத் துணி அவள் ரமலான் மாதத்தில் தைத்த ஆர்டர். அதற்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு, அது மழைக்காலத்தில் வந்த ஆர்டர். கை துடைக்கக் கேட்ட துணியில் ஒன்றுகூடக் கை துடைக்கவில்லை என்று நினைத்தபோது அவளுக்கு என்னவோ செய்தது. கோபமா, வேறு ஏதாவதா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

மாலையில் அழைத்துப்போக அவன் வந்ததும், இப்போது வீட்டுக்கு வேண்டாம் என்றாள் ரூபினா. கடலுக்கு அணை போட்டுக் கருங்கல் கொட்டியிருக்கும் இடத்தில் பைக்கை நிறுத்தினார்கள். ஷாரிக் எதிரேயிருந்த தள்ளுவண்டியில் இரண்டு தட்டு அத்தோ வாங்கி வந்தான். நூடுல்ஸும் முட்டைக்கோசும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீருமாக அவளுக்குப் பிடித்த மாதிரி. அவள் தொடவில்லை.

"இன்னா ரூபி, ஒண்ணியும் பேச மாட்ற?"

"மூணாவது டிரம்ம தொறந்துட்டோம்."

ஷாரிக் கையிலிருந்த தட்டைக் கல்லின் மேல் வைத்தான்.

"நானும் மாமியும். ஓட்டய அடைக்கப் போனோம். எங்கருந்துங்க அவ்ளோ செம்பு?"

"நீயே இப்பிடிக் கேக்குறியா?"

"நான்தாங்க கேக்கணும். வேற யார் கேட்டாலும் அது பேஜாராப் பூடும்."

அவன் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். தெரு முனையில் ஒரு அம்மா ஏலச்சீட்டு நடத்தியது, அவன் நாற்பதாயிரம் கட்டியது, ஒருநாள் காலையில் அந்த வீட்டில் பூட்டு தொங்கியது, எல்லாம். "பேங்குல போட்டா வட்டி வரும். வட்டி நமக்கு ஆவாது, அம்மா வுடாது. நகைச்சீட்டு கட்லாம்னா, கடக்காரன் எப்ப ஷட்டர எறக்குவான்னு எவனுக்குத் தெரியும்? நான் பொழுதன்னிக்கும் பாக்கறது இரும்பும் செம்பும்தான். செம்பு ஓடிப் பூடாது. துரு புடிக்காது. அத்தொட்டு சனிக்கிழம கூலி வாங்குனதும் எழுநூறு ரூபாய மொதல்ல எட்த்து தனியா வெச்சிருவேன். மார்க்கெட்டு ரோட்ல காயில் கட்ற கட கீதுல்ல, ஆறுமுகநயினார் அண்ணன் கட? அவராண்ட போவேன். எரிஞ்ச ஃபேன், எரிஞ்ச மோட்டாருல இருந்து உருவுன பழைய கம்பிய எடைக்கிக் குடுப்பாரு. ஒரு கிலோ வரும், சில வாரம் கொஞ்சம் கம்மி."

"எத்தினி நாளா?"

"நூத்தி நாப்பத்தெட்டு வாரம்."

மாதத்தில் சொல்லாமல், வருஷத்தில் சொல்லாமல் வாரத்தில் சொன்னான். ஒரு வாரம்கூடத் தவறவிடாதவன்தான் அப்படிச் சொல்ல முடியும்.

"பில்லு?"

"பழைய கம்பிக்கு எவன் ரூபி பில்லு குடுப்பான்? விக்கலாம்னு போன வாரமே கெளம்புனேன். போன மாசம் மொதலாளி ஷெட்டுல செம்பு பூட்ச்சி பாரு, அதுலருந்து மார்க்கெட்டுல ஒருத்தனும் பில்லு இல்லாம வாங்க மாட்றான். இரும்புக் கடைல வேல செய்றவன் வூட்ல நூத்தம்பது கிலோ செம்பு கீதுன்னா எவன் நம்புவான்? மொதலாளி ஏற்கெனவே எல்லார் மூஞ்சியயும் ஒரு மாதிரி பாத்துகினு கீறாரு." அவன் குரல் இறங்கிற்று. "சேக்கறதுக்கு எனக்கு வழி தெரிஞ்சிது. எடுக்கறதுக்குத் தெரியல."

ரூபினா கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

"எனக்கும் ஒண்ணு கீதுங்க. கோச்சிக்கக் கூடாது."

"இன்னாது?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சது. மாசம் ஆயிரத்தி ஐநூறு. சம்பளம் வந்ததும் தானா எட்த்துக்கும்." திரையைக் காட்டினாள். "பங்குல போடற ஃபண்டு. கம்பெனில கூட தைக்கிற மகிமாதான் டிபன் டைம்ல காட்டிக் குட்த்தா."

"ஷேரா? சூதாட்டம்டி அது!"

"இல்லீங்க. கமால் மொதலாளியும் அவரு மச்சானும் கூட்டா யார்டு நடத்துறாங்கல்ல? லாபம் வந்தா ரெண்டு பேருக்கும், நட்டம் வந்தாலும் ரெண்டு பேருக்கும். அது மாதிரி நூறு கம்பெனில நமக்கு நகக் கண்ணளவு கூட்டு. வட்டிக் கட, சாராயக் கம்பெனி எல்லாம் இல்லாத ஃபண்டாப் பாத்துதான் போட்டேன்."

"எத்தினி கீது?"

"அறுவத்தெட்டாயிரம். மூணு மாசம் முன்னாடி எழுவத்தொம்போது இருந்துச்சு."

"பதினோராயிரம் பூட்ச்சா? இத்த வெச்சிக்கினு நீ எப்பிடித் தூங்குன?"

"மொதல்ல தூங்கலதான். நான் போட்டதே அம்பத்தேழுதாங்க. ஏறும், எறங்கும். உங்க செம்பு வெல எறங்கினதே இல்லியா?"

"ஏன் எறங்காது? எறங்குற வாரம் அதே எழுநூறுக்கு ஒரு பிடி கம்பி கூட வரும். எனக்கு அது நல்ல வாரம்."

"இங்கயும் அதேதான்" என்றாள் ரூபினா.

ஷாரிக் போனை வாங்கி, அதில் வளைந்து வளைந்து போகும் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவனுக்குப் புரிந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் பிறகு கேட்டதைக் கேட்டால் புரிந்திருக்கும் என்றுதான் படுகிறது. "செரி, இத்த இப்ப எடுத்தா எப்ப வரும்?"

"நாளைக்கிக் காலைல சொன்னா திங்களோ செவ்வாயோ பேங்குக்கு வரும்."

"வூட்டுக்கு ஞாயித்துக்கெழம குடுக்கணும்."

"ஆமா."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவனிடமும் பணம் இருந்தது, அவளிடமும் இருந்தது, இரண்டும் சேர்ந்தால் வீடும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கையில் மட்டும் ஒன்றும் இல்லை. முதலில் சிரித்தது ரூபினாதான். ஒரு வருஷமாக ஒரே பைக்கில் உட்கார்ந்து கத்திக் கத்திப் பேசியும் இரண்டு பேரும் இதைச் சொல்லவில்லையே என்று சிரிப்பு வந்தது, அதோடு கண்ணிலும் தண்ணீர் வந்தது. ஷாரிக் அவள் தட்டை எடுத்து அவள் கையில் வைத்தான். அத்தோ ஆறிப்போயிருந்தது. ஆனாலும் சாப்பிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை ரூபினா அறுபதாயிரத்தை எடுக்கச் சொல்லிப் போனில் அழுத்தினாள். எட்டாயிரத்தை விட்டுவைத்தாள். முழுசாக எடுத்தால் மறுபடி தொடங்க மனசு வராது என்று அவளுக்குத் தெரியும்.

அன்று மாலை ரூபினாவை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது ஷாரிக்கின் தோஸ்து லட்சுமணன் பைக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அதே யார்டில் கிரேன் ஓட்டுகிறவன். ஷாரிக் அவனிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தான்.

"மச்சி, மணலி பக்கம் ஒருத்தன் கீறான். ஒரு கேள்வி கேக்க மாட்டான். வண்டிய அனுப்பிச்சி அள்ளிக்கினு பூடுவான். கிலோ நானூறு."

"மார்க்கெட்ல எட்நூறு போவுது நைனா!"

"அதான் சொல்றேன்ல, கேள்வி கேக்க மாட்டான்னு. அதுக்குத்தான் மீதி நானூறு. மொதலாளிக்குத் தெரிஞ்சா உன் வேல பூடும், பேரும் பூடும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவன் சொன்னதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஷாரிக் தரையைப் பார்த்தான். சரியென்று சொல்லிவிடுவான் போலிருந்தது. ரூபினா குறுக்கே பேசினாள்.

"வேணாம்ணே."

"இன்னாம்மா, ஏதோ கெடச்ச வரைக்கும்..."

"எழுநூறு எழுநூறா இவரு நெருப்புல வெந்து சேத்தது. அத்தப் போயி திருட்டு வெலைக்கி வித்தா, திருடுன சாமான்னு நாமளே ஒத்துக்கினா மாதிரி. அப்பால ஆயுசுக்கும் மொதலாளி மூஞ்சில இவரு எப்பிடி முழிப்பாரு? இத்த கமால் மொதலாளி கடைலயே விக்கலாம். பட்டப்பகல்ல."

"அவராண்டயேவா!" என்றார்கள் இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில்.

"மடில கனம் இருந்தாத்தானே வழில பயம்?" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, மடியில் கனம் நூற்று நாற்பத்தெட்டுக் கிலோ இருந்தது.

சனிக்கிழமை காலையில் ஒரு குட்டியானை வண்டி தெருவுக்குள் வந்தது. டிரம்மைத் தூக்க முடியாது, முடிச்சுகளைத்தான் எடுத்துச் சாக்கில் போட வேண்டும். செம்பு வந்த வழியை ஷாரிக் புதன்கிழமை இரவே சொல்லியிருந்தான். மரியம் மணையை விட்டு இறங்கி வழிவிட்டாள். ரூபினா ஒவ்வொன்றாக எடுத்தாள். மேலே வாத்து, கோடு, நட்சத்திரம், முயல் என்று நாற்பத்தேழு முடிச்சு. அதற்குக் கீழே எல்லாம் வெறும் சணல் கயிற்றில் கட்டியவை. சணல் முடிந்து துணி தொடங்கும் இடத்தில் ஊதாநிற சாட்டின் துண்டு ஒன்று வந்தது. அவளுடைய நிக்காஹ் உடுப்புக்கு லைனிங் வைத்து மிஞ்சியது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஷாரிக் சாக்கின் வாயைப் பிடித்தபடி வேறு எங்கேயோ பார்த்தான்.

"வூடு மாத்தறீங்களா?" என்று கேட்டாள் மரியம்.

ரூபினா சாட்டின் துண்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"என்னாண்ட சொன்னா இன்னா? ஒரே ரூமுல ஏழு பேரு. எனக்கு மட்டும் கண்ணு இல்லியா?" அவள் கீழே உருண்ட ஒரு முடிச்சை எடுத்துச் சாக்கில் போட்டாள். "நான் துவா செய்றேன். போய்ட்டு வாங்க. வெறும் வயித்துல போவாதீங்க, இடியாப்பம் கீது."

சாத்தாங்காட்டில் வெயில் ஏறிவிட்டது. இரும்புத் தகடுகள் விழும் சத்தத்தில் காது அடைத்தது. எடை மேடைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் கமால் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. அந்தத் தூசிக்குள் அந்தச் சட்டை எப்படி வெள்ளையாகவே இருக்கிறது என்பது மார்க்கெட்டில் யாருக்கும் தெரியாத ரகசியம். வண்டியில் வந்து இறங்கிய ஷாரிக்கையும், பின்னால் புர்காவில் நின்ற ரூபினாவையும், நாலு சாக்குகளையும் பார்த்தார்.

"இன்னாடா, லீவு கேட்டுட்டு லோடோட வந்து நிக்கிற?"

"மொதலாளி, செம்பு. விக்கணும்."

யார்டில் அறுத்துக்கொண்டிருந்த இரண்டு கட்டர்களும் நெருப்பை அணைத்தார்கள். லட்சுமணன் கிரேனை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

"யாருது?"

"என்னுது."

"எத்தினி?"

"நூத்தி நாப்பத்தெட்டு."

கமால் நாற்காலியை விட்டு எழுந்தார். முகம் இறுகிப்போயிருந்தது. "என் கடைல நாப்பது கிலோ பூட்ச்சி. ஒரு மாசமா நான் சரியா சோறு துன்னல. இன்னிக்கி நீ நூத்தி நாப்பத்தெட்டக் கொண்டாந்து என்னாண்டயே விக்கறியா?"

 ஷாரிக் இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ரூபினா முன்னே வந்தாள். 

"மொதலாளி, கொட்டிப் பாருங்க. பாத்துட்டு நீங்க இன்னா சொன்னாலும் கேட்டுக்கறோம்."

சாக்கைத் தரையில் கவிழ்த்தார்கள். முடிச்சுகள் உருண்டு ஓடின. கமால் குந்தி உட்கார்ந்து ஒன்றை எடுத்தார். துணியை அவிழ்த்து, கம்பியை விரலால் நீவி, மூக்கில் வைத்துப் பார்த்தார். காயிலுக்குப் பூசும் வார்னிஷ் எரிந்த வாசனை. இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதை எடுத்தார். பிறகு நிதானமாக எல்லாவற்றையும் கையால் பரப்பினார்.

"ஃபேன் காயிலு" என்றார், தனக்குத்தானே. "இது மிக்ஸி. இது தண்ணி மோட்டாரு. என் ஷெட்டுலருந்து பூட்டது கட்டவெரல் கனத்துக்குப் பட்டச் செம்பு." அவர் ஒரு முடிச்சை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார், இன்னொன்றையும் அப்படியே. "எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எட. இன்னாடா கணக்கு இது?"

"வாரம் ஒண்ணு மொதலாளி. சனிக்கிழம கூலிலருந்து."

"எங்க வாங்குன?"

"ஆறுமுகநயினார் அண்ணன் கடைல."

கமால் போனை எடுத்துப் பேசினார். அந்தப் பக்கம் ஆறுமுகநயினார் உரக்கப் பேசுகிறவர், போனுக்கு வெளியிலேயே கேட்டது: "யாரு, ஷாரிக்கா? மழையில ஊரே முழுவுனப்பகூட முட்டிக்கால் தண்ணில வந்து வாங்கிக்கினு போச்சி மாமு அந்தப் புள்ள! ஏன், இன்னா ஆச்சி?" கமால் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி வைத்தார்.

போனைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படிச் சொன்னார்: "நாப்பது வருசமா இந்த மார்க்கெட்ல கீறேன். திருடறவன் ஒரே ராத்திரில அள்ளிக்கினு பூடுவான். வாரம் ஒரு கிலோன்னு மூணு வருசம் பொறுமையா திருடுன திருடன நான் பாத்ததில்ல." வாத்துத் துணி கட்டிய முடிச்சை எடுத்து ரூபினாவிடம் நீட்டினார். "திருட்டுச் செம்புக்கு எவனாவது இப்பிடி கொழந்தைக்கி சட்ட போட்டா மாதிரி கட்டி வெப்பானாம்மா?"

ரூபினாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்கக் கீழே உட்கார்ந்து முடிச்சுகளின் துணியை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினாள்.

"அத்த ஏம்மா அவுக்குற? அப்பிடியே எட போட்டுக்கலாம்."

"துணியும் எடையில சேருமே மொதலாளி. செம்பு வெலைக்கி வெட்டுத் துணிய விக்கக் கூடாது."

கமால் ஷாரிக்கைப் பார்த்தார். "டேய், மூணு வருசமா என்னாண்ட கூலி வாங்கிக்கினு எனக்கே போட்டியா செம்பு வாங்கியிருக்க. இந்தப் பொண்ணு மட்டும் வரலன்னா நீ இத்த எவனுக்காவது பாதி வெலைக்கித் தூக்கிக் குட்த்திருப்ப, இல்ல?"

கிரேனில் இருந்த லட்சுமணன் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

வார்னிஷுக்குக் கழிவு போக நூற்று நாற்பத்தைந்து கிலோ என்று போட்டார், கிலோவுக்கு எழுநூற்றுத் தொண்ணூறு. ஆறுமுகநயினாரிடம் பில்லை எழுதி வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். லட்சத்துப் பதினாலாயிரத்து ஐந்நூற்று ஐம்பது ரூபாய். ஷாரிக் அதை எண்ணவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். நூற்று நாற்பத்தெட்டு சனிக்கிழமை ஒரே சனிக்கிழமையாக வந்து கையில் உட்கார்ந்தது அவனுக்குப் பழக்கமில்லாத கனம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கே குணசுந்தரி வீட்டில் இருந்தார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு, மீதி அறுபதாயிரம் வந்துகொண்டிருக்கிறது என்று ரூபினா போனைக் காட்டினாள். குணசுந்தரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"வந்துகினு கீதுன்னு போட்டுகீது. செரி, செவ்வாக்கெழம வரைக்கும் பாக்கறேன். லட்சம் ரூபாய குட்த்துட்டு எங்க ஓடிறப் போறீங்க?"

திங்கட்கிழமை மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கும்போது ரூபினாவின் போன் அதிர்ந்தது. பக்கத்தில் இருந்த மகிமாதான் முதலில் பார்த்துக் கத்தினாள்.

இரண்டு வாரம் கழித்துக் குடிபோனார்கள். சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, தையல் மெஷின். மரியம் மூன்றாவது டிரம்மையும் வண்டியில் ஏற்றச் சொன்னாள். "ஓட்ட டிரம் எனக்கு எதுக்கு?" என்றாள். வண்டி கிளம்பும்வரை சிரித்துக்கொண்டிருந்தவள், கிளம்பியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அறைக்கு நடுவே கட்டியிருந்த அவளுடைய பழைய புடவையை அன்றே அவிழ்த்துவிட்டதாகச் சுஃபியான் சொன்னான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னலில் ரூபினா தைத்த திரை காற்றில் ஆடிற்று. வாத்து, கோடு, முயல், நட்சத்திரம், நடுவில் ஊதா சாட்டின் என்று நாற்பத்தேழு துண்டும் அதில் இருந்தன. ஷாரிக் கட்டிலில் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தான்.

"ரூபி. அந்த போன்ல நானும் போடணும். சனிக்கிழம எழுநூறு. ஆனா எல்லாத்தயும் அதுல போட மாட்டேன்."

"யாரு போடச் சொன்னா? கொஞ்சம் இதுல. கொஞ்சம் கேட்டா உடனே கைல வர்ற மாதிரி தனியா. செம்பும் வாங்குங்க, ஆனா பில்லோட."

அவள் போனைத் திறந்து எப்படிப் போடுவது என்று காட்டினாள். பேர், ஊர், பேங்க் நம்பர். கடைசியில் ஒரு கட்டம் வந்தது. நாமினி.

"இது இன்னாது?"

"நமக்கு ஏதானா ஒண்ணு ஆச்சின்னா, துட்டு யாருக்குப் போவணும்னு எழுதறது."

"உனக்கு அதுல யாரு பேரு கீது? உங்க அம்மாவா?"

ரூபினா தன்னுடைய கணக்கைத் திறந்து அவன் பக்கம் திருப்பினாள். ஷாரிக் தன் பேரை எழுத்துக் கூட்டிப் படித்தான். பக்கத்தில் இருந்த தேதியையும் படித்தான். திரும்ப ஒரு தடவை படித்தான்.

"இது நிக்காஹ் ஆன மறுநாளு."

"ஆமா."

"அன்னிக்கி நீ என்னாண்ட ஒரு வார்த்த கூட பேசலியே ரூபி."

"பேசறதுக்கு அங்க எடம் ஏதுங்க?" என்றாள்.

கீழே குணசுந்தரி தண்ணீர் வந்துவிட்டது என்று குரல் கொடுத்தாள். ரூபினா எழுந்தாள். ஷாரிக் அவளை உட்கார வைத்துவிட்டு, இரண்டு குடத்தையும் தானே எடுத்துக்கொண்டு படியிறங்கினான். நாலு நடை, ஐந்து நடை என்று ஏறி இறங்கினான். சமையலறை மூலையில் மூன்றாவது டிரம் வாய் வரைக்கும் நிறைந்தது. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.